ஓட்டக்காரப் பிள்ளைக்கு ஹார்வர்டில் இடம் உண்டா?



போன ஆண்டு எங்கள் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி முடிந்து, திடலில் கூடாரங்களைப் பிரித்துக் கொண்டிருந்த வேளை. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, இப்பொழுது பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் 4-ஆம் படிவத்தில் இருக்கும் பையன் ஒருவன் தன் தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்து நின்றான். தகப்பனார் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கூச்ச சுபாவம் உள்ள மனிதர். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால் ஏதோ முக்கியமான காரியம் என்று அர்த்தம்.

"சார், ஒரு விசயம் கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"தம்பி 400 மீட்டர்ல மாநிலப் போட்டி வரைக்கும் போயிட்டான். பட்டணத்துல ஒருத்தரு சொல்றாரு, வெளையாட்டுல கெட்டிக்காரனா இருந்தா அமெரிக்காவுல ஹார்வர்ட் மாதிரி பெரிய எடத்துலயெல்லாம் கூப்பிட்டுச் சேத்துக்குவாங்களாம். 100 பேருல 86 பேருக்கு எடம் கெடைக்குதாம். ஃபைலு தயார் பண்ணிக் குடுக்க 8,000 வெள்ளி. பாதி இப்பவே கட்டணுமாம். வீட்டுல சங்கிலிய அடகு வச்சிடலாம்னு சொல்லுது. நீங்க என்னா சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒரு வாரம் பொறுங்கள், அதுவரை ஒரு காசும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் ஒன்றரை மாதமாக நீண்டது. அந்த ஒன்றரை மாதத்தில் தேடிப் படித்ததையும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பல தகப்பன்மார் இதே கேள்வியோடு இருக்கக்கூடும் அல்லவா?

பெயரே விளையாட்டால் வந்தது

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், பிரௌன், பென்சில்வேனியா ஆகிய எட்டுப் பல்கலைக்கழகங்களை 'ஐவி லீக்' என்று சொல்கிறார்கள். கல்வித் தரத்தைப் பாராட்டி யாரோ கொடுத்த பட்டம் அது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு விளையாட்டுக் கூட்டணியின் பெயர்! 1954-ஆம் ஆண்டில் அந்த எட்டும் தங்களுக்குள் எப்படிப் போட்டியிடுவது, விளையாட்டு மாணவர்களை எப்படிச் சேர்ப்பது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தம்தான் இன்றுவரை அடிப்படை.

ஆகவே, 'படிப்பாளிகள் கூடும் இடத்தில் ஓட்டக்காரனுக்கு என்ன வேலை?' என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. ஹார்வர்டில் இளங்கலை மாணவர்கள் சுமார் 7,000 பேர். அவர்களை வைத்து 42 விளையாட்டுக் குழுக்களை நடத்துகிறார்கள். துடுப்புப் படகு, வாள்வீச்சு, நீச்சல், ஸ்குவாஷ், ஓட்டம், அமெரிக்கக் காற்பந்து என்று நீண்ட பட்டியல். இத்தனை குழுக்களுக்கும் ஆண்டுதோறும் ஆள் வேண்டும். 'நல்ல மாணவர்களைச் சேர்ப்போம், அவர்களில் துடுப்புப் போடத் தெரிந்தவன் தற்செயலாக அகப்படுவான்' என்று காத்திருந்தால் குழு நடக்காது. அதனால் பயிற்றுநர்கள் முன்கூட்டியே ஆள் தேடுகிறார்கள். இவர் சொன்னால் சேர்க்கை அலுவலகம் காதுகொடுத்துக் கேட்கிறது. இதுவரை அந்தப் பட்டணத்து மனிதர் சொன்னது சரிதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2024-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 54,000 பேர். இடம் கொடுக்கப்பட்டது 2,000 பேருக்கும் குறைவு. 100 பேர் கதவைத் தட்டினால் 3 அல்லது 4 பேருக்குத் திறக்கிறது. அந்த 100 பேரும் அவரவர் பள்ளியில் முதல் வரிசையில் நிற்கும் பிள்ளைகள். இப்படிப்பட்ட இடத்தில் 100-க்கு 86 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தாம்பூலம் மாற்றிய பிறகு எடுத்த கணக்கு

அந்த எண் பொய்யில்லை. ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து 2014-இல் ஒரு வழக்குப் போடப்பட்டது. ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2018 அக்டோபரில் போஸ்டன் நகர நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, அதுவரை பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கணக்குகளெல்லாம் வெளியே வந்தன. ஆறு ஆண்டு விண்ணப்பங்களை அலசிப் பார்த்ததில், பயிற்றுநர் தேர்ந்தெடுத்த விளையாட்டு மாணவர்களில் 100-க்கு 86 பேருக்கு இடம் கிடைத்திருந்தது. விளையாட்டு, பழைய மாணவரின் பிள்ளை, பணக்காரரின் சிபாரிசு, பேராசிரியரின் பிள்ளை ஆகிய எந்தச் சலுகையும் இல்லாத மற்றவர்களில் 100-க்கு 6 பேருக்கும் குறைவாகவே இடம் கிடைத்தது. அதே கணக்கு இன்னொன்றையும் சொன்னது. விண்ணப்பித்தவர்களில் இந்த விளையாட்டு மாணவர்கள் 100-க்கு ஒருவர் கூட இல்லை. சேர்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அவர்களே.

2023 ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. விளையாட்டுச் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

'பயிற்றுநர் தேர்ந்தெடுத்த' என்ற சொற்களைத் தயவுசெய்து கவனியுங்கள். வினையெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, பேசி முடித்து, தாம்பூலம் மாற்றிக் கொள்கிறோம். தாம்பூலம் மாற்றிய 100 குடும்பங்களில் எத்தனை கல்யாணம் நடந்தது என்று கணக்கெடுத்தால் 86-க்குக் குறையாது. அதை வைத்துக்கொண்டு, பெண் கேட்டுப் போகும் ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் 100-க்கு 86 வாய்ப்பு என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம் அல்லவா? பட்டணத்து மனிதர் சொன்னதும் அதுவே. பயிற்றுநர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்து, பலரைக் கழித்து, மதிப்பெண்ணை முன்கூட்டியே சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, 'இவன் பரவாயில்லை' என்ற சாடை கிடைத்த பிறகுதான் அந்தப் பிள்ளை விண்ணப்பமே போடுகிறான். கழிக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

பயிற்றுநர் கையில் எவ்வளவு இருக்கிறது?

பயிற்றுநர் கையில் இருப்பது ஒரு சிறிய பட்டியல். குழுவுக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு. ஐவி லீக் அமெரிக்கக் காற்பந்துக்கு ஆண்டுக்குச் சராசரி 30 பேர். மற்ற விளையாட்டுகளுக்கு அதைவிட வெகு குறைவு, சிலவற்றுக்கு விரல் விட்டு எண்ணலாம். ஆம்ஹர்ஸ்ட் என்ற சிறிய, மிகவும் புகழ்பெற்ற கல்லூரி 2017-இல் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. விளையாட்டே முக்கியக் காரணமாக ஆண்டுக்கு 67 பேரைச் சேர்ப்பதாகச் சொன்னது. அந்த 67-க்குள் எல்லா விளையாட்டுகளும் அடக்கம்.

இந்தப் பட்டியலில் யாரை வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. ஐவி லீக்கில் ஒவ்வொரு விளையாட்டு மாணவனுக்கும் பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி. போன்ற நுழைவுத் தேர்வின் புள்ளியையும் சேர்த்து ஓர் எண் கணக்கிடுகிறார்கள். விளையாட்டு மாணவர்களின் சராசரி எண், கல்லூரியில் உள்ள மற்ற மாணவர்களின் சராசரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் கீழே போகக்கூடாது. ஆகவே பயிற்றுநர் ஓட்டத்தைப் பார்த்தவுடன் கேட்கும் அடுத்த கேள்வி, 'மார்க்குப் பட்டியல் எங்கே?' என்பதுதான். மதிப்பெண் குறைந்த ஒரு வேகக்காரனை எடுத்தால், அவனுக்கு ஈடாக மதிப்பெண் மிகுந்த இன்னொருவனைத் தேட வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் யாருக்காகப் படுவார்? அபூர்வமான திறமைசாலிக்காகப் படுவார். மாநிலத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளைக்காகப் படமாட்டார்.

கடைசிச் சொல் எப்பொழுதும் சேர்க்கை அலுவலகத்துடையது. இறுதி ஆண்டுக்கு முந்திய ஜூலை மாதத்திலிருந்து பிள்ளையின் மதிப்பெண்ணை முன்னோட்டமாகப் பார்க்கிறார்கள். அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு, 'உங்களுக்கு இடம் கிடைக்கக்கூடும்' என்று அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பலாம். அந்தக் கடிதம் உறுதியானது. பயிற்றுநர் தொலைபேசியில் 'நீ எங்கள் பையன்' என்று சொல்வது உறுதி ஆகாது. எம்.ஐ.டி.யில் நிலைமை இன்னும் கடினம். அங்கே பயிற்றுநருக்கென்று ஒதுக்கிய இடமே கிடையாது. பரிந்துரை எழுதலாம், அவ்வளவுதான்.

பட்டியலில் பெயர் இல்லாத விளையாட்டு வீரனின் கதி என்ன? அவனுடைய பதக்கங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரியாக நிற்கும். இன்னொரு பிள்ளை சதுரங்கத்தில் வென்றது, வயலின் வாசித்தது, சாரணர் தலைவனாக இருந்தது எல்லாம் அதே போல ஒரு வரி. பயன் இல்லாமல் போகாது. ஆனால் 86 என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 100 புள்ளியில் 90 தேர்வுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த 10-க்காக நம் பிள்ளைகள் சீருடை இயக்கத்திலும் மன்றத்திலும் நிற்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி அச்சடித்த அளவுகோல் கிடையாது. அதனால்தான் இடையில் ஆள் புகுந்து கதை சொல்ல முடிகிறது.

பணம் எங்கே இருக்கிறது?

இந்த விஷயத்தைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐவி லீக்கில் விளையாட்டுக்கு உபகாரச் சம்பளம் கிடையவே கிடையாது. 1954 முதல் அப்படித்தான். 2025-இல் மற்றப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணமே கொடுக்கத் தொடங்கின. அப்பொழுதும் ஐவி லீக் அந்த ஏற்பாட்டில் சேர மறுத்துவிட்டது.

அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிப் போவான்? குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்கிறார்கள். ஹார்வர்ட் 2025-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, ஆண்டு வருமானம் 1 லட்சம் அமெரிக்க டாலர் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாமே இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் உதவி இதே அளவுதான். 1 லட்சம் டாலருக்கு நம் வெள்ளியில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தோட்டத்தில் கணவன் மனைவி இருவரும் வேலை செய்தாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரமாட்டோம். ஆக, பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் பணம் தடையாக இராது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில்தான் வெளிநாட்டு மாணவன் உதவி கேட்கிறானா இல்லையா என்று பாராமல் தேர்ந்தெடுக்கிறார்கள். வேறு பல கல்லூரிகளில் வெளிநாட்டுப் பிள்ளை 'எனக்குப் பண உதவி வேண்டும்' என்று எழுதினால் அதுவும் தராசில் ஏறும். பயிற்றுநர் கேட்டுக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் இதைத் தெரியாமல் பத்துக் கல்லூரிக்கு ஒரே மாதிரி விண்ணப்பம் போடுவது வீண்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்த இடங்களில் உதவி வருமானத்தைப் பார்த்துத் தருவதால், பிள்ளைக்குக் கால் முறிந்து ஓட முடியாமல் போனாலும் அந்த உதவி நிற்காது. விளையாட்டுக்காகச் சேர்ந்த பிள்ளை இரண்டாம் ஆண்டில் விளையாட்டை விட்டுவிட்டாலும் படிப்பை முடிக்கலாம்.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம்

ஓடுவதற்குச் சப்பாத்து போதும். துடுப்புப் படகுக்கும் பாய்மரப் படகுக்கும் வாள்வீச்சுக்கும் பணம் வேண்டும், சங்கம் வேண்டும், தகப்பன் கார் ஓட்டிக்கொண்டு வாரா வாரம் போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பெரிய கல்லூரிகள் நடத்தும் குழுக்களில் கணிசமானவை இப்படிப்பட்ட வசதிக்காரர் விளையாட்டுகள். ஆகவே விளையாட்டுச் சலுகை என்பது ஏழை வீட்டு வீரனுக்காக வைத்த ஏணி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அது பெரும்பாலும் இருப்பவன் வீட்டுப் பிள்ளைக்கே பயன்படுகிறது என்று அந்த நாட்டவர்களே குறை சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமான குறையாகத்தான் படுகிறது.

இந்த வரிசையில் நம் நாட்டுக்குக் கொஞ்சம் சாதகமான விளையாட்டு ஸ்குவாஷ். பினாங்கின் நிக்கோல் டேவிட் 8 முறை உலகப் பட்டம் வென்ற பிறகு அதைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் ஸ்குவாஷுக்கு வெளிநாட்டில் ஆள் தேடுவது பழைய வழக்கம். கனெக்டிகட் மாநிலத்தின் டிரினிட்டி கல்லூரி இந்தியா, பாகிஸ்தான், சுவீடன் என்று பல நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 ஆட்டங்களில் தோற்காமல் இருந்தது. 2012 ஜனவரியில் யேல் அதை முறித்தது.

நம் கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த எஸ். சிவசங்கரியை அறிவீர்கள். அவர் ஐவி லீக்கைச் சேர்ந்த கார்னெலில் படித்துப் பட்டம் பெற்றவர். 2022-இல் கார் விபத்தில் கடுமையாக அடிபட்டார். மீண்டு வந்து ஹாங்சோ ஆசியப் போட்டியில் பதக்கம் வென்றார், 2024-இல் லண்டனில் பெரிய பட்டம் ஒன்றையும் வென்றார். நம்மினத்துப் பெண் ஒருவர் இந்த வழியில் போய் வந்திருக்கிறார் என்பது பெருமைக்குரியது. ஆனால் அவர் கார்னெலுக்குப் போகும் முன்பே அனைத்துலகப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஓட்டத்தில் உள்ள ஒரே நன்மை, கடிகாரம் பொய் சொல்லாது. கோலகங்சாரில் ஓடினாலும் கலிபோர்னியாவில் ஓடினாலும் 400 மீட்டர் 400 மீட்டர்தான். ஆனால் எந்தக் கடிகாரம் என்ற கேள்வி உண்டு. நம் திடலில் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற ஆசிரியர்கள் (நானும்தான்) துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு, சற்றுத் தாமதமாகவே அழுத்துகிறோம். அதனால் கையால் எடுத்த நேரத்தை மின்கடிகார நேரத்தோடு ஒப்பிட 400 மீட்டருக்கு 0.14 வினாடியும், 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும் கூட்டுவது வழக்கம். அமெரிக்கப் பயிற்றுநர் மின்கடிகார நேரத்தைத்தான் நம்புவார். மாநிலப் போட்டி, சுக்மா போன்ற இடங்களில் பதிவான நேரத்தைக் காட்டுங்கள். தோட்டத் திடலில் எடுத்த நேரம் நம் சந்தோஷத்துக்கு மட்டும்.

வேறு கதவுகளும் உண்டு. நம் 100 மீட்டர் வீரர் அசீம் ஃபாமி, 2022-இல் 10.09 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தவர். அவர் 2023-இல் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஈப்போவைச் சேர்ந்த 400 மீட்டர் வீராங்கனை ஷெரீன் சாம்சன் வல்லபாய் மின்னசோட்டாவின் வினோனா பல்கலைக்கழகத்தில் படித்தார். இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கே உபகாரச் சம்பளம் தரலாம், சேர்வதும் ஐவி லீக் அளவுக்குக் கடினமில்லை. பெயர் பெரிதா, பிள்ளைக்குப் பொருத்தமா என்று கேட்டால் நான் பொருத்தத்தைத்தான் பார்ப்பேன்.

போலி வீரர்கள்

பயிற்றுநரின் பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2019 மார்ச் மாதத்தில் உலகமே பார்த்தது. வில்லியம் சிங்கர் என்ற கல்லூரி ஆலோசகர், பணக்காரப் பெற்றோர்களிடம் மொத்தம் 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, பயிற்றுநர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, விளையாடவே தெரியாத பிள்ளைகளை வீரர்கள் என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறார். தண்ணீர்ப் பந்து ஆடும் யாரோ ஒருவரின் படத்தில் பிள்ளையின் முகத்தை ஒட்டிய கூத்தும் நடந்தது. யேலின் பெண்கள் காற்பந்துப் பயிற்றுநர் ஒரு பெண்ணைப் பட்டியலில் சேர்க்க 4 லட்சம் டாலர் வாங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணின் குடும்பம் சிங்கருக்குக் கொடுத்தது 12 லட்சம் டாலர். 2023 ஜனவரியில் சிங்கருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெற்றோர்கள் பலரும் சிறைக்குப் போனார்கள்.

நம்மூரில் 8,000 வெள்ளி கேட்கிறவர் சிங்கரைப் போன்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்து தருவதாகச் சொன்ன வேலையைப் பிள்ளை தானே செய்துகொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லூரியும் தன் விளையாட்டுப் பகுதியில், சேர விரும்பும் வீரர்களுக்கென்று ஒரு விவரப் படிவம் வைத்திருக்கிறது. அதை நிரப்ப ஒரு காசும் வேண்டாம். பயிற்றுநரின் முகவரியும் அங்கேயே இருக்கும். நேரம், பிறந்த தேதி, பள்ளி மதிப்பெண், ஓடும்போது எடுத்த ஒரு சிறு படம், சுருக்கமான கடிதம் இவ்வளவு போதும். கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். தகப்பனோ ஆசிரியரோ ஏஜெண்டோ எழுதினால் பயிற்றுநருக்குப் பிடிக்காது. பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாவது பள்ளியாண்டு முடிந்த ஜூன் 15-ஆம் தேதி வரை பயிற்றுநர் பதில் எழுத அவர்கள் சட்டம் இடம் தராது. நம் கணக்கில் அது 4-ஆம் படிவம். ஆகவே, அதற்கு முன் எழுதிவிட்டுப் பதில் வரவில்லையே என்று மனம் நொந்து போக வேண்டாம்.

நான் சொன்ன பதில்

ஒன்றரை மாதம் கழித்துத் தகப்பனும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி தேநீர் கொடுத்தாள். நான் இவ்வளவையும் சொல்லிவிட்டு, பையனின் நேரத்தைக் கேட்டேன். மாநிலப் போட்டியில் மின்கடிகாரத்தில் 50.8 வினாடி. அரையாண்டுத் தேர்வில் கணிதம் பி, இயற்பியல் சி, ஆங்கிலம் சி பிளஸ்.

"இந்த நேரத்துக்கும் இந்த மார்க்குக்கும் ஹார்வர்ட் பயிற்றுநர் திரும்பிப் பார்க்க மாட்டாருப்பா" என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. ஆறாம் ஆண்டில் அவன் காலில் சப்பாத்து இல்லாமல் ஓடி வெள்ளிக் கிண்ணம் வாங்கியதை நான் பார்த்தவன்.

தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். பையன்தான் கேட்டான்: "அப்ப ஓடறத விட்டுடவா சார்?"

நான் எதற்கு விடச் சொல்லப் போகிறேன்? டான் ஸ்ரீ டாக்டர் ஜெகதீசனைப் பற்றிச் சொன்னேன். அவர் மருத்துவம் படித்துக்கொண்டே 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனவர். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். 1968-இல் மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை மலேசியாவில் யாராலும் முறியடிக்கப்படவில்லை. அவர் மருத்துவராகவும் ஆனார். பையன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றான். பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர். அது வேறு விஷயம்.

சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை. தகப்பனார் அந்தப் பட்டணத்து மனிதரிடம் போய், "வேணாங்க, பையன் மொதல்ல படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வாரத்தில் மூன்று இரவு பையன் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறான். மாலையில் தோட்டத் திடலில் ஓடுகிறான், சில நாள் நானே ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறேன். இவ்வாண்டு ஜூன் மாதம் கழித்து அவனே உட்கார்ந்து மூன்று பயிற்றுநர்களுக்குக் கடிதம் எழுதினான். ஒன்று ஐவி லீக், இரண்டு சாதாரணப் பல்கலைக்கழகங்கள். நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன்.

இருவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. ஐவி லீக்கிலிருந்து துணைப் பயிற்றுநர் ஒருவர் நான்கு வரி எழுதியிருந்தார். 'உன் கடிதத்துக்கு நன்றி. 48 வினாடிக்குள் வந்ததும் எஸ்.பி.எம். முடிவோடு மறுபடியும் எழுது.' அந்தக் கடிதத்தை அச்செடுத்து, தகப்பனார் தன் லோரியில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். சென்ற வாரம் பையன் எங்கள் திடலில் 50.1-இல் வந்தான். என் கையால் எடுத்த நேரம், 0.14 கூட்டிக்கொள்ள வேண்டும்.